இரண்டாவது தம்ளர்

ஆங்கில வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கும் ஞானசௌந்தரிக்கு, தமிழ் தெரியாத மருமகளோடு போனில் நாலு வார்த்தை பேச ஆசை. "எனக்கும் ஒரு இடம் குடுங்க சார்" என்றாள்.

வாத்தியார் தாமோதரன் சிரித்தார். "அரை மணி நேரமா, சொல்றதுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற 'ஸே'க்கும் 'டெல்'லுக்கும் வித்தியாசம் நடத்துறேன். நீ சொல்லிட்டா உட்காரு. இல்லேன்னா விளக்குமாத்தை எடு."

"எங்க வீட்டுக்காரர் செத்தப்புறமும் ரெண்டு தம்ளர்லதான் காப்பி ஊத்துறேன் சார். அந்தத் தம்ளரைப் பார்த்துப் பேசுறது ஸே. அவர் உட்கார்ந்து கேட்டப்போ பேசினது டெல்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். ஆனா நீங்க நடத்தினதும் ஸேதான் சார்" என்று பெஞ்சுகளைக் காட்டினாள். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் போன்.

அவர் முன்பெஞ்சைக் காட்டினார்.

வீட்டில் காப்பியை ஊற்றிவிட்டு, "இடம் கிடைச்சிருச்சுங்க" என்றாள். அது ஸேதான் என்று தெரியும். இருந்தும் காப்பி ஆறும்வரை பதிலுக்குக் காத்திருந்தாள்.