தேக்கிலைத் தண்ணீர்

முதலையின் வாய்க்குத் தப்பிய, முயலளவே உள்ள சருகுமான் ஒன்று, அதன்பின் குளத்துப் பக்கமே போகவில்லை. ஐப்பசி வெள்ளம் அந்த முதலையை ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போய் மாதங்கள் ஆகிவிட்டன. காடே அங்கு தண்ணீர் குடித்தது. சருகுமான் மட்டும் புதருக்குள் கிடந்தது.

அதன் தோழி மந்தி தினமும் தேக்கிலையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. ஒருநாள் மந்தி அழுதது.

"இன்னும் ஐந்து நாளில் எங்கள் கூட்டம் அத்திப்பழம் தேடி மலையேறுகிறதடி! அப்புறம் உனக்கு யார் தண்ணீர் தருவார்கள்?"

அவ்வழியே வந்த நீர்நாய் இதைக் கேட்டது. மற்றவர்களைப்போல், "பயப்படாதே!" என்று சொல்லவில்லை.

"முதலை எங்கே பாயும் என்கிறாய்?" என்று மானிடம் கேட்டது.

"குளத்து வழியில் நிற்கும் மருதமரத்தைத் தாண்டினாலே பாய்ந்துவிடும், அண்ணே!"

"தாண்டிப் பார்ப்போமா?"

"பாய்ந்துவிட்டால்?"

"முதலில் என்னைத்தான் கடிக்கும். நான்தானே கொழுத்தவன்!"

சருகுமானுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு மருதமரத்தைத் தாண்டி நின்றது. கால்கள் வெடவெடத்தன.

"ஓடிவிடட்டுமா, அண்ணே?"

"கொஞ்சம் நில். இந்த நடுக்கம் என்னதான் செய்கிறது, பார்ப்போம்."

நடுக்கம் ஏறியது. உச்சிக்குப் போனது. பிறகு வெயில் தாழ்வதுபோல் மெல்லத் தாழ்ந்தது. முதலை வரவில்லை.

மறுநாள் நாணல்வரை. அதற்கு மறுநாள் சேற்று விளிம்புவரை, நாக்கு நனையும் அளவுக்கு. நான்காம் நாள் மந்தி வழக்கம்போல் இலையை நீட்டியது.

"வேண்டாம் அக்கா. இதைக் குடித்தால் நான் இங்கேயே படுத்துவிடுவேன்."

மந்தியின் முகம் வாடியது.

ஐந்தாம் நாள் சருகுமான் தனியாகப் போனது. நீர்நாய் வேண்டுமென்றே எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தது. மான் தண்ணீரில் வாய் வைத்ததும், 'தொபுக்!' மூன்றே தாவலில் மான் நாணலுக்குப் பின்னால்! மருதமரத்தடியில் தேக்கிலையோடு நின்ற மந்தி கண்களை மூடிக்கொண்டது.

ஆனால் மான் அதற்குமேல் ஓடவில்லை. நின்றது. தானே திரும்பிப் பார்த்தது. கட்டையிலிருந்து விழுந்த ஆமை ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. மான் நடுங்கும் கால்களோடு திரும்பி வந்து, வயிறு நிறையக் குடித்தது.

"பயம் இன்னும் முழுசாய்ப் போகவில்லையே, அண்ணே!"

"அதற்கும் தாகமாக இருக்கும். குடித்துவிட்டுப் போகட்டும்!"

சேற்றில், யானைத் தடத்துக்குப் பக்கத்தில், விரல்நுனி அளவில் புதிய குளம்படிகள் பதிந்திருந்தன. மந்தி இலையை வீசிவிட்டு மருதமரத்தின் உச்சிக்கே ஏறிக் கூவியது:

"எல்லாரும் வந்து பாருங்கள்! எங்கள் சருகுமானின் காலடி!"

அச்சம் போன பிறகு நடப்போம் என்று காத்திருந்தால் அது போவதில்லை. துணையோடு ஓரோர் அடியாக நடந்து பார்ப்பவர் முன்னால்தான் அது சிறுத்துப்போகிறது.