முதல் கரண்டி

காலை பத்தரை மணி. விசாரணைக் கைதிகள் அறுபது பேருக்குச் சாம்பார் இறங்கிவிட்டது. அன்று ருசி பார்க்க வேண்டியவர் ஆவுடையப்பன்.

அந்தச் சிறையில் அப்படியொரு வழக்கம். கைதிகளில் ஒருவர் முதல் கரண்டியை வாயில் வைத்து, சரி என்று சொன்ன பிறகுதான் அண்டா அடுக்களையை விட்டு வெளியே போகும்.

ஆவுடையப்பன் ஒரு நகைக் கடன் சங்கத்தின் மேலாளர். கவரிங் நகைகளுக்குக் கடன் கொடுத்த வழக்கில் உள்ளே வந்தவர். அடுக்களை இக்னேஷியஸின் பொறுப்பு. அவர் பொய்க் கணக்குக்குச் சான்று கொடுத்துத் தண்டனை பெற்ற ஆடிட்டர். வயதில் இளையவர்தான். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு அவர் வாத்தியார். வந்த புதிதில் சோறு இறங்காமல் சுவரோரம் கிடந்தவரை எழுப்பி, காய் நறுக்க உட்கார வைத்தவர் அவர்தான்.

முந்தின நாள் ஆவுடையப்பன் அவரிடம் ஒன்று கேட்டிருந்தார்.

"வக்கீல் ஒரு வழி சொல்லுதாரு வாத்தியார். நகையையும் தாளையும் கொண்டாந்து நீட்டினது எங்க கிளார்க் ஜெயசீலி, கேஸ்ல அவளும் இருக்கா. அவளை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்னு கோர்ட்ல சொல்லிட்டா நான் வெளியே வந்திரலாமாம். அவ உள்ள போவா. சொல்லட்டுமா?"

"நாளைக்கு நீங்க ருசி பாருங்க அண்ணாச்சி" என்றார் இக்னேஷியஸ்.

இப்போது ஓர் அவித்த முட்டையை ஆவுடையப்பன் கையில் வைத்தார்.

"இது உங்களுக்குத் தனியா."

முட்டை ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அன்று புதன்.

மாடசாமி என்ற கைதி கரண்டியை நீட்டினான். ஆவுடையப்பன் வாயில் வைத்தார். உப்புக் கரித்தது. முட்டையைப் பார்த்தார். இக்னேஷியஸைப் பார்த்தார்.

"நல்லாருக்கு."

மாடசாமி அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் கூச்சல் கிளம்பியது.

"ஏலே, திருச்செந்தூர் கடல் தண்ணியையா மோந்துட்டு வந்த?"

"நாக்கு செத்தவன் எவம்ல ருசி பாத்தது?"

ஒருவன் மாடசாமியையும் கூட்டிக்கொண்டு அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டான். "என்ன மேனேஜர் சார், நீங்கதான பாத்தீங்க?"

"இவன் நீட்டின கரண்டி நல்லாத்தான் இருந்துது. வழியில என்ன செஞ்சானோ" என்றார் ஆவுடையப்பன்.

தட்டு ஒன்று பறந்து வந்து மாடசாமியின் நெற்றியில் பட்டது. ரத்தம் வந்தது.

இக்னேஷியஸ் வெளியே போய்க் கூட்டத்தின் நடுவில் நின்றார். "உப்பை அள்ளிப் போட்டது நான். மோர் வருது, பொறுங்க." வாங்க வேண்டிய வசவுகளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"உப்பு தெரியலையா அண்ணாச்சி?"

"தெரிஞ்சுது."

"பின்னே?"

"நீங்கதான வேணும்னே போட்டீங்க!"

"ஆமா. அதை அவங்ககிட்டயே சொல்லிட்டேன். இன்னைக்கு அறுபது தட்டையும் நான்தான் கழுவணுமாம். மாடசாமியை ஏன் இழுத்தீங்க?"

"அவன்தான கரண்டியை நீட்டினான்?"

இக்னேஷியஸ் மாடசாமியின் நெற்றியில் ஈரத்துணியை வைத்து அழுத்தினார்.

"மாடசாமிக்கு நான் முட்டை குடுக்கலையே அண்ணாச்சி."

கையிலிருந்த முட்டையை ஆவுடையப்பன் கீழே வைத்தார்.

2017 ஆகஸ்ட் 22ஆம் தேதி தீர்ப்பு வந்தது. போலி நகை என்று தெரிந்தே, தரகரிடம் கமிஷன் வாங்கிக் கையெழுத்திட்டதை நீதிபதியிடம் ஒப்புக்கொண்ட ஆவுடையப்பனுக்கு ஐந்து ஆண்டு கடுங்காவல். ஜெயசீலி விடுவிக்கப்பட்டார்.