வேறு வீட்டில் ஒரு பிரதி

நாகர்கோவிலில் ஒரு மாடிக்கடையில் மெர்லின் என்றொருத்தி இருந்தாள். முப்பத்து நான்கு வயது. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்குகளுக்குள் இருப்பதை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். அவளிடம் பாடம் கேட்க வந்த தாணுலிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல்முறை அவர் பாடம் கேட்க வரவில்லை. ஒரு காலையில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் டிக், டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதைத் துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"உள்ளே என்ன சார் இருக்கு?"

"என் மகன் குரல்."

அவள் மேலே கேட்கவில்லை. நான்கு நாள் போராடி மீட்டாள். நாற்பத்தொரு பதிவுகள். எல்லாம் தெரு கிரிக்கெட் வர்ணனை. நிதின் என்ற பையன் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய மைதானத்தில் நிற்பவன் மாதிரி பேசியிருந்தான். இடையிடையே சிரிப்பு. எங்கோ ஒரு நாய் குரைக்கிறது.

நிதின் இருபது வயதில் பைக் விபத்தில் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவன் அம்மா அதற்குப் பின் இரண்டு வருஷம்தான் இருந்தாள். தாணுலிங்கம் தினமும் சாயங்காலம் காப்பி போட்டுக்கொண்டு ஒரு பதிவைக் கேட்பார். அந்த வீட்டில் ஒரு நாளில் கேட்கிற மனிதக் குரல் அது ஒன்றுதான்.

மீட்ட பதிவுகளைப் புது டிஸ்கில் வாங்கி அவர் அதே துண்டில் சுற்றினார்.

"இனிமே இது போகக் கூடாது. நெட்வொர்க்கில போடுற ஸ்டோரேஜ் பெட்டி எல்லாம் இருக்காமே? எதை வாங்கணும்னு சொல்லுங்க."

"வாங்குறது அப்புறம் இருக்கட்டும் சார். தினம் காலையில வந்து உட்காருங்க. கத்துக்கோங்க."

அன்றிலிருந்து அவர் வந்தார். அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் மறுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டுடன் வந்தார். பத்துப் பன்னிரண்டு பெட்டிகளைக் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தார். கடைசியில் ஒன்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

"இது டீச்சர். ரவுட்டரோட சேர்த்துட்டா போதும். ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதினா இன்னொண்ணுலயும் அதுவாவே எழுதிக்கும். ஒண்ணு செத்தாலும் மத்தது இருக்கும்."

கடையில் அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது. மெர்லின் அதை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு புகைப்படத்தை அதில் ஏற்றினார்.

"இப்ப அதை அழிங்க."

அழித்தார்.

"ரெண்டு டிஸ்க்லயும் தேடுங்க."

அவர் வெகுநேரம் தேடினார். இரண்டிலும் இல்லை.

நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சொன்னார். "பெட்டி இருக்கட்டும். தனியா ஒரு டிஸ்க்ல இன்னொரு பிரதி எடுத்து, கழட்டி பீரோவில வச்சுப் பூட்டிடுறேன்."

"பெட்டி எங்க இருக்கும்?"

"கூடத்தில."

"பீரோ?"

"பக்கத்து அறையில."

மெர்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழை அடித்துக்கொண்டிருந்தது. போன வருஷம் அவர் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது இருவருக்கும் தெரியும். அவரும் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்றாவது நாள் அவருக்கு வேறு யோசனை. "இன்டர்நெட்லயே ஏத்தி வச்சிட்டா? மழை அங்க போகாது."

"ஏத்துங்க, நல்லதுதான். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"வேற யாருக்கு?"

அவர் நோட்டைப் புரட்டினார்.

"நீங்க ஒருநாள் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கீங்கன்னு வைங்க. யாரு திறப்பா?"

"திறக்க ஆளில்லை."

மெர்லின் ஒரு தாளை எடுத்தாள். மேலே 'வீட்டில்: பெட்டி' என்று எழுதினாள். அதன் கீழே 'வேறு வீட்டில்: ஒரு பிரதி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

"இதில ஒரு விலாசம் எழுதிட்டு வாங்க. அன்னைக்கே பெட்டியை மாட்டித் தரேன்."

பத்து நாள் அவர் வரவில்லை. தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். மாடியில் குடியிருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். கூட வேலை பார்த்த இருவர் சென்னைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இறந்துபோனதே அவருக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மனைவி வழிச் சொந்தங்களின் நம்பர்கள் போனில் இருந்தன. ஒன்றை அழுத்தினார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

பதினோராம் நாள் வெறும் தாளோடும் மகன் குரல் இருக்கும் டிஸ்கோடும் வந்தார்.

"யாருமே இல்லையா சார்?"

"ஒரு தம்பி இருக்கான். நீலகண்டன். ரெண்டு தெரு தள்ளிதான்."

அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"அன்னைக்குப் பைக்கை ஓட்டினது அவன். என் பிள்ளை பின்னால உட்கார்ந்திருந்தான். அதுக்கப்புறம் அவனை நான் வாசப்படி ஏற விடலை. அடக்கத்துக்குக்கூட."

மெர்லின் அவர் கொண்டுவந்த டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். "ஒண்ணு போடட்டுமா?"

அவர் தலையசைத்தார்.

"அடுத்து மட்டை பிடிக்க வருகிறார், கோட்டாறு சிங்கம், என் சித்தப்பா நீலகண்டன்! வயிறு முன்னால வருது, ஆளு பின்னால வராரு..." என்றது நிதினின் குரல். "ஏலே, உன்னை..." என்று தூரத்தில் யாரோ கத்தினார்கள். அப்புறம் இருவரும் சிரித்தார்கள்.

அவள் நிறுத்தினாள். "எத்தனை பதிவுல இவர் இருக்கார்?"

"நாற்பத்தொண்ணுலயும்."

அவள் ஒரு சின்ன டிஸ்கை எடுத்து, எல்லாவற்றையும் அதில் ஏற்றி அவர் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு தாணுலிங்கம் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். நீலகண்டன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து திறந்தார். விபத்தில் முறிந்த கால் சரியாகக் கூடவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன அண்ணே? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இதை வச்சுக்க."

"என்ன இது?"

"நிதின் பேசினதெல்லாம்."

நீலகண்டன் உடனே கை நீட்டவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"என்கிட்டயா அண்ணே?"

"ஒரு பிரதி வேற வீட்டில இருக்கணுமாம். டீச்சர் சொல்லிட்டாங்க." அவர் தெருவைப் பார்த்தபடி பேசினார். "இதைத் திறக்கப் பாஸ்வேர்டு அவன் பொறந்த தேதி. எழுதிக்க. மார்ச்..."

"பதினொண்ணு," என்றார் நீலகண்டன். வருஷத்தையும் சொன்னார்.

தாணுலிங்கம் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டதும் காதில் விழாதது மாதிரி இறங்கிவிட்டார்.

மறுநாள் கடையில் மெர்லின் தாளை வாங்கிப் பார்த்தாள். விலாசம் எழுதியிருந்தது. அன்றைக்கே அவர் வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டிக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் காப்பி, ஒரு பதிவு. பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மினுங்கும். மற்றபடி வீடு முன்னைப் போலவே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் கடைக்கு வேகமாகப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், வேற வீட்டுப் பிரதியைத் தொடாம உள்ள வச்சிருக்கணும், இல்லையா?"

"ஆமா சார்."

"தம்பி அப்படி வைக்கலை. முந்தாநாள் மருந்து வாங்க அவன் வீட்டு வழியா வந்தேன். ஜன்னல்ல என் பிள்ளை குரல். நின்னு கேட்டேன். ஒரே பதிவு. முடிஞ்சதும் மறுபடி அதையே போடுறான். நேத்தும் போனேன். நேத்தும் அப்படித்தான். தினமும் போடுவான் போல."

"நீங்க உள்ள போகலையா?"

"இல்லை. வெளியவே நின்னேன்."

மெர்லின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"தினம் ஓட்டினா டிஸ்க் தேயாதா டீச்சர்?"

"தேயும்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"சொல்ல முடியாது."

"அவனுக்கு அது தெரியாதே. போய்ச் சொல்லிடட்டுமா, போடாதேன்னு?"

"வேண்டாம்."

"கெட்டுப் போச்சுன்னா?"

"அவர் உங்க வீட்டுக்கு வந்துதான் சார் மறுபடி பிரதி எடுக்கணும்."