ஆழக்குழியில் கிடந்த தடம்

ஒரு காட்டில் பெரிய மண்மேடு இருந்தது. ஆதிகாலத்து விலங்குகளின் எலும்புகள் அதற்குள் புதைந்து கிடந்தன. தம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, விலங்குகள் கூடி அங்கே குழி தோண்டின. அவற்றுக்குத் தலைவன் ஒரு கரடி. மண்ணை முகர்ந்தே அதன் வயதைச் சொல்லிவிடும். எல்லா விலங்குகளும் அதை ‘ஐயா’ என்றே அழைத்தன.

அந்த மேட்டில் ஒரு சட்டம் உண்டு. மண்ணுக்குள் எது தெரிந்தாலும் தொடக்கூடாது. “கிடக்கு!” என்று கத்த வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்க்க வேண்டும். அதற்குமுன் யாராவது கலைத்தால் மேட்டை விட்டே விரட்டிவிடுவார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டதே கரடிதான்.

புதிதாக வேலைக்கு வந்தது செவலி என்ற பெண் கீரி. பழைய எலும்பைத் தேடுவதென்றால் அதற்கு உயிர். ஒரு நாள் குழிக்குள் தோண்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் கரடி இறங்கி வருகிறது!

“தோண்டத் தெரியலையேம்மா! கையைக் கொடு, சொல்லித் தர்றேன்” என்று கரடி செவலியின் கழுத்தில் நகத்தை வைத்தது.

“வேண்டாம் ஐயா!”

“என்ன பயம்? நான் உன் அப்பா மாதிரி!”

அப்பா மாதிரியாம்! எந்த அப்பன் மகளைச் சுவரோடு சேர்த்து நெருக்குவான்? செவலி அதன் கால்களுக்கிடையே புகுந்து தப்பி மேலே ஓடியது.

மேஸ்திரி வேலை பார்த்த நரியிடம் சொல்லி அழுதது. நரி சிரித்தது.

“ஐயாவுக்குப் பாசம் ஜாஸ்தி. அதைப் போய்ப் பெரிசு பண்றியே! அவர் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, எந்த மேட்டிலும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க. தெரியுமில்ல?”

பக்கத்தில் முள்ளம்பன்றிகள் தோண்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு எல்லாம் கேட்டது. ஆனால் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை.

அங்கே வெகுகாலமாக வேலை செய்த எறும்புத்தின்னி மட்டும் மெல்ல வந்து காதோடு சொன்னது: “அவர் வந்தா நான் சுருண்டுக்குவேன். போனதும் பிரிஞ்சுக்குவேன். நீயும் அப்படியே பழகிக்கோ.”

“எனக்குச் சுருள வராதே அக்கா!” என்றது செவலி.

எறும்புத்தின்னி மறுபடியும் தோண்டப் போய்விட்டது.

மறுநாள் கரடி செவலியை மேட்டின் கோடியில் இருந்த ஆழக்குழிக்கு அனுப்பியது. அங்கே வேறு யாருக்கும் வேலையில்லை. “மத்தியானம் வர்றேன். இந்தத் தடவை ஓடினா, மேட்டை விட்டே ஓட வேண்டியதுதான்!” என்று உறுமியது.

செவலி தோண்டவே இல்லை. மேலே தெரிந்த வட்ட வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சருகு உருண்டாலும் சுவரோரம் ஒதுங்கியது. வெயில் உச்சிக்கு வந்தது. வெளிச்சம் மறைந்தது.

கரடி இறங்கி, ஏறும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஓர் அடி முன்னால் வந்தது. செவலி ஓர் அடி பின்னால் போனது. இன்னும் ஓர் அடி. முதுகில் சுவர் இடித்தது. கரடியின் மூச்சு முகத்தில் பட்டது. செவலி கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியது.

“கிடக்கு! கிடக்கு!”

சட்டம் சட்டம்தானே? எல்லா விலங்குகளும் ஓடிவந்து குழியைச் சுற்றி நின்றன.

“என்ன கிடக்கு?” என்று எட்டிப் பார்த்தது நரி.

செவலி கீழே மண்ணைக் காட்டியது. “தடம் கிடக்கு. நான் எதையும் கலைக்கல. நீங்களே பாருங்க.”

குழியின் ஈரமண்ணில் கீரியின் சின்னக் கால்தடங்கள் பின்னால் பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றன. அவற்றின்மேல் ஏறி மிதித்தபடி கரடியின் தடங்கள். சுவரில் கீரியின் தலைக்கு இரண்டு பக்கமும் நகம் பதிந்திருந்தது.

கரடி காலால் மண்ணைச் சரசரவென்று தேய்க்கப் போனது.

“கலைக்காதே!” என்று முள்ளம்பன்றிகள் எல்லாம் ஒரே குரலில் அலறின. ஐயாவைப் பார்த்து அப்படிக் கத்தியது அவற்றுக்கே பயமாக இருந்தது. ஆனால் ‘கலைக்காதே’ என்று தினமும் சொல்லிப் பழகிய வாய் அது.

அப்போது எறும்புத்தின்னி முன்னால் வந்தது. தன் முதுகைத் திருப்பிக் காட்டியது. செதில்களில் பழைய கீறல்கள் வரிவரியாகக் கிடந்தன.

“இதையும் பாருங்க. இதுவும் இவன் நகம்தான். எத்தனையோ வருஷத்துக் கீறல். நம்ம கண்ணுக்கு ஆதிகாலத்து எலும்பு தெரிஞ்சுது, இது தெரியலையா?”

நரி ஓசைப்படாமல் கூட்டத்தின் பின்னால் நகர்ந்தது. முள்ளம்பன்றிகள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, கரடி ஏறிப்போக ஒரே ஒரு வழி மட்டும் விட்டன. அந்த வழி மேட்டை விட்டு வெளியே போகும் வழி. கரடி உறுமிக்கொண்டே போனது. திரும்பி வர யாரும் விடவில்லை.

மறுநாள் செவலி மறுபடியும் குழியில் இறங்கியது. வானத்தில் ஒரு மேகம் வெயிலை மறைத்தது. உடனே அதற்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன்” என்றது பக்கத்தில் நின்ற எறும்புத்தின்னி. அது சுருண்டுகொள்ளவில்லை.

கொடுமை செய்கிறவனைப் பெரியவன் என்று விட்டுவிட்டு, அழுதுவந்து சொன்னவளை அடங்கிப் போகச் சொல்லும் கூட்டமும் அந்தக் கொடுமைக்குக் கூட்டாளியே.