கண்ணை மூடிய மூப்பர்

கடும் வெயிலிலும் ஓடை வற்றாத ஒரு காடு இருந்தது, பிள்ளைகளே. அங்கே சாதுவான விலங்குகளும் பறவைகளும் சேர்ந்து ஒரு சின்ன சபை நடத்தி வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத மரத்தடியில் கூடும். பாட்டுப் பாடும். பிறகு எல்லாம் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்.

எல்லாரும் கண்ணை மூடினால் சிறுத்தைக்குக் கொண்டாட்டம் அல்லவா? அதனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்பர் மட்டும் கண்ணை மூடக் கூடாது. புற்று மேட்டில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூப்பருக்கு வேலையே அதுதான்.

வெகு காலம் அந்த வேலையைப் பார்த்த கிழக் காட்டெருமை அந்தக் கோடையில் செத்துப்போனது. அது நீளமாக ஒரு ஜெபம் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் அது நின்ற காலத்தில் ஒரு முயல்குட்டிகூடத் தொலைந்ததில்லை.

புது மூப்பரைத் தேர்ந்தெடுக்க, ஆராதனை முடிந்ததும் சபை கூடியது. புள்ளிமான் தன் குட்டியை விலாவோடு ஒட்டி நிறுத்திக்கொண்டது. முதல் குட்டியை நோயில் பறிகொடுத்த பிறகு பிறந்த ஒரே குட்டி. அதனால் மானுக்கு எந்நேரமும் ஒரு பதைப்பு.

வயதான ஆமை பேச ஆரம்பித்தது. "மூப்பராக வருகிறவர் விழிப்பாக இருக்கணும். சொந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருக்கணும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது. புகழுக்கு மயங்கக் கூடாது."

"ஆமென்!" என்றன எல்லாம். ஆமென் சொல்ல என்ன செலவு?

"அப்படியானால் ஆள்காட்டிக் குருவிதான் சரி," என்றது ஆமை. "பொட்டல் தரையில் முட்டையிட்டு, பாம்பையும் கீரியையும் விரட்டிக் குஞ்சு பொரிக்கிறவள்."

காட்டுப்பன்றி உறுமியது. "அவளா? போன வாரம் ஒரு ஓணானுக்குக் கத்தி, ஜெபத்தையே கெடுத்தாளே! பக்கத்துக் காட்டுச் சபையில் யானை மூப்பரா இருக்கார். நாம இந்தக் குச்சிக்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினா மானம் போகும்."

"ஜெபத்தில் அவள் கண்ணையே மூட மாட்டாளே!" என்றது முயல்.

"நான் மூடலேன்னு உனக்கு எப்படித் தெரியும், முயல் அண்ணே?" என்றது குருவி.

சில அணில்கள் சிரித்துவிட்டன. முயலுக்குக் காது சிவந்தது. அந்த ஒரு வார்த்தையில் குருவிக்கு விழ வேண்டிய முயலின் ஓட்டு போய்விட்டது.

அப்போது மயில் மெல்ல நடுவில் வந்தது. தோகையை விரித்தது. கண்ணை மூடியது. "ஆண்டவரே, நான் தூசி. நான் ஒன்றுக்கும் தகுதியில்லாதவன்..." என்று குரலை இழுத்து இழுத்து ஜெபம் பண்ணியது. கண்ணீர் வழிந்தது.

"ஆகா, என்ன உருக்கம்!" என்று பன்றி மூக்கை உறிஞ்சியது.

தகுதியில்லாதவன் என்றதே, மயில் சொன்னதில் உண்மையான பேச்சு அந்த ஒன்றுதான். அதை மட்டும் யாரும் நம்பவில்லை. மயிலின் பெட்டை புதருக்குள் தனியாகக் குஞ்சுகளோடு அல்லாடுவது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"மயில் ஐயா வேணும்கிறவங்க காலைத் தூக்குங்க!" என்றது பன்றி.

குட்டி வைத்திருந்த தாய்கள் எல்லாம் மானைத் திரும்பிப் பார்த்தன. ஆமை சொன்னது சரி என்று மானுக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் எல்லார் முன்னாலும் குருவி, "மான் அக்கா, வாயை மூடிட்டுப் பிள்ளையைப் பாரு. அது ஓடைப் பக்கம் போயிடுச்சு!" என்று சத்தம் போட்டிருந்தது. குருவி சொன்னது நிஜம். நிஜம் என்பதால்தான் அது இன்னும் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

மான் மயிலுக்காக முன்னங்காலைத் தூக்கியது. அதைப் பார்த்து மற்றத் தாய்களும் தூக்கின.

மூப்பரானதும் மயில் போட்ட முதல் கட்டளை இது: "நான் ஜெபிக்கும்போது யாரும் குறுக்கே சத்தம் போடக் கூடாது. ஆள்காட்டி ஓடைக்கு அக்கரையில் நிற்கட்டும்."

"மூப்பரே, நீங்க கண்ணைத் திறந்து வைக்கணுமே," என்றது ஆமை.

"கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்க என் மனசு இடம் கொடுக்காது, ஐயா."

"சரிதானே! விசுவாசம் இருக்கிற இடத்தில் காவல் எதுக்கு?" என்றது பன்றி. சபை தலையாட்டியது.

அடுத்த ஞாயிறு மயில் புற்று மேட்டில் ஏறித் தோகையை விரித்தது. பின்னால் இருந்த புதர் முழுக்க அதில் மறைந்துபோனது. எல்லாம் கண்ணை மூடின. மயிலும் மூடியது. ஜெபம் நீண்டது.

"வருது! வருது! மான் அக்கா, குட்டி! குட்டி!" என்று அக்கரையிலிருந்து குருவி அலறியது.

'ஆரம்பிச்சிட்டா! இன்னொரு ஓணானா இருக்கும்,' என்று நினைத்து மான் கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டது.

விலாவில் ஒட்டியிருந்த சூடு சட்டென்று விலகியது. மான் கண்ணைத் திறந்தபோது புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சிறுத்தையின் வால்கூடத் தெரியவில்லை.

மான் ஓடியது. தேடியது. மத்தியானம் திரும்பி வந்தது. வந்து மயிலின் முன்னால் நின்றது.

"ஐயா, உங்களுக்குப் பின்னாலேயே வந்ததே. நீங்க பார்க்கலையா?"

"மகளே, நான் ஆண்டவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றது மயில்.

"கேட்டீங்களா அந்தப் பதிலை!" என்று பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "ஐயா, நீங்களே ஒரு ஆறுதல் ஜெபம் பண்ணுங்க."

மயில் தொண்டையைச் செருமியது. "எல்லாரும் கண்களை மூடுவோம்."

எல்லாம் மூடின. தாய்கள் தங்கள் குட்டிகளை அணைத்தபடியே மூடின. மான் மட்டும் மூடவில்லை. பார்த்துக்கொள்ளத்தான் அதற்கு இனிக் குட்டி இல்லை.

நீதி: காவல் காக்க வேண்டிய இடத்தில், உருக்கமாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நிறுத்தாதீர்கள். நிறுத்தியவர்கள் இழப்பது தங்கள் பிள்ளைகளைத்தான்.