அசையாத அம்பலவாணர்

மடத்து அலுவலகத்தில் அம்பலவாணர் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வங்கி வேலையை உதறிவிட்டு மடத்துக்கு வந்தவர். வயதில் குருவைவிட மூத்தவர். குருவின் சொற்பொழிவுகளைக் கணினியில் ஏற்றுவது அவர் பணி. தரையில் சம்மணம், முன்னால் குட்டை மேசை, அதன்மேல் மடிக்கணினி. தண்ணீர்ச் சொம்பு, தொலைபேசி, விபூதிப் பை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். எழுந்திருக்காமல் இருப்பதையே தவமென்று நினைத்தார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, பாவம்.

கழுத்து வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். முதுகும் சேர்ந்துகொண்டது. தைலத்தைத் தடவிக்கொண்டு அதையும் பொறுத்தார்.

திருவிழாவில் சாமி புறப்பாடு. மடத்து வாசலில் பல்லக்கு வந்து நின்றது. எல்லோரும் கைகூப்பி அண்ணாந்து பார்த்தார்கள். அம்பலவாணருக்குக் கழுத்து நிமிரவில்லை. பல்லக்குத் தூக்குகிறவர்களின் பாதங்கள்தான் தெரிந்தன. பல்லக்கு நகர்ந்துவிட்டது.

அழுதுகொண்டே குருவிடம் போனார்.

"சாமி முகத்தைப் பாக்க முடியல, சுவாமி. அதுக்குத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்?"

"எப்படி உட்கார்றீங்க? காட்டுங்க."

அம்பலவாணர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் உட்கார்ந்து காட்டினார். முகவாய் நெஞ்சைத் தொட்டது.

குரு அலமாரியைத் திறந்தார். தம் சொற்பொழிவுத் தொகுதிகளை எடுத்து மடிக்கணினிக்கு அடியில் அடுக்கிக்கொண்டே போனார். திரை கண்ணுக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். தட்டச்சு செய்யத் தனி விசைப்பலகை ஒன்றைத் தேடி எடுத்துக் கீழே வைத்தார்.

அம்பலவாணர் பதறிப்போனார். "உங்க நூலை இப்படி வைக்கலாமா?"

"இப்பத்தான் ஒருத்தருக்குப் பயன்படுது."

பிறகு குரு தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கொல்லையில் கிணற்றடியில் அதை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"தாகம் எடுத்தா, சுவாமி?"

"எழுந்து போங்க."

"நடுவுல எழுந்தா வேலை கெட்டுடுமே."

குரு தொலைபேசியையும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அம்பலவாணருக்குக் கோபமே வந்துவிட்டது. "அசையாம இருக்கிறதுதானே சாதனை? கருவறையில மூலவர் அசையாமத்தானே இருக்கார்?"

மேளச் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. பல்லக்கு மேற்கு வீதியில் திரும்பியிருக்க வேண்டும். குரு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"அப்ப வீதியில போறது யாரு?"

அம்பலவாணர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.