ஜமீன்தார் பலகைக்கு மேலே

அடிகளிடம் வந்துபோகும் சீடர்களில் பூவராகன்தான் வயதில் மூத்தவர். அடிகளைவிடவே மூத்தவர். அதனால் குரு சீடரை “நீர்” என்று மரியாதையாக அழைப்பார். சீடர் குருவை “அடிகளே” என்று அழைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அதட்டுவார்.

ஒருநாள் காலையில் பூவராகன் மடத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“திங்கட்கிழமை முதல் உண்ணாவிரதம் இருக்கப்போகிறேன்.”

“எதற்கு?”

“ஒரு பித்தளைப் பலகைக்கு.”

அடிகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். ஆலங்குறிச்சி நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு படக்கூடம் உண்டு. விக்டோரியா ராணி காலத்து எண்ணெய் வண்ணப் படங்கள் அங்கே சுவர் நிறையத் தொங்குகின்றன. எல்லாம் ஜமீன்தார்களும் வக்கீல்களும் சாராயக் குத்தகைக்காரர்களும் கொடுத்தவை. கொடுத்தவர் பெயர் ஒவ்வொரு படத்தின் கீழும் பித்தளையில் மின்னும். வரைந்தவன் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில், ஊர் வரிப்பணத்தில் நடந்த அந்தக் கூடத்துக்குள் ஊர்க்காரன் நுழைய முடியாது. கோட்டும் பூட்சும் போட்டவனுக்குத்தான் கதவு திறக்கும். பூவராகன் அந்த வாசலில் மறியல் செய்தார். மண்டை உடைந்தது. சிறைக்குப் போனார். வெளியே வந்து மறுபடி மறியல் செய்தார். கடைசியில் கதவு எல்லோருக்கும் திறந்தது.

அவர் மண்டையை உடைத்தவர்களின் பிள்ளைகளே பிறகு நகராட்சி உறுப்பினர்கள் ஆனார்கள். இத்தனை காலம் கழித்து அவருக்கு மரியாதை செய்வதென்று தீர்மானம் போட்டார்கள். அவர் விரும்பும் படத்தின் கீழே அவர் பெயருக்கும் ஒரு பலகை.

“நல்ல காரியம்தானே” என்றார் அடிகள்.

“எந்தப் படம் என்று கேட்டார்கள். நுழைந்ததும் எதிரே இருக்கிற பெரிய படம் என்றேன். வெள்ளாற்றூர் ஜமீன்தார் கொடுத்தது. அதில் அவர் பலகை ஏற்கெனவே இருக்கிறது. என் பலகையை அதற்குக் கீழே மாட்டுவார்களாம்.”

“மாட்டட்டும்.”

“அடிகளே, யோசித்துப் பேசுங்கள். நான் அந்த ஆளுக்குக் கீழேயா? மேலே மாட்டு என்றேன். முடியாது என்கிறான் நகராட்சியில் இருக்கிற ஜமீன்தார் பேரன். மேலே மாட்டும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். மேலேயா, கீழேயா?”

“இடத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?”

கீரையை முறத்தோடு ஓரமாக வைத்துவிட்டு அடிகள் எழுந்தார்.

படக்கூடத்துக்குள் நுழைந்ததும் பூவராகன் முன்னால் நடந்தார். பலகை பலகையாகக் காட்டிக்கொண்டே போனார்.

“இவர் சாராயக் குத்தகை. இவர் பஞ்சத்தில் நெல் பதுக்கியவர். இந்த வக்கீல் பொய்ச்சாட்சி தயாரிப்பதில் கைதேர்ந்தவர்.”

“கண்ணாடியை மடத்திலேயே வைத்துவிட்டேன்” என்றார் அடிகள். “பலகைக்கு மேலே வெள்ளையாக ஏதோ தெரிகிறதே. ஆடா?”

“அது கிடக்கட்டும். இங்கே வாருங்கள். இவர் கோயில் நகையையே விழுங்கியவர்.”

பெரிய படத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூடத்துக்கு எதிரில்தான் அரசு மருத்துவமனை. உள்ளே படுத்திருப்பவர்களைப் பார்க்க நேரம் ஆகும்வரை, சொந்தக்காரர்கள் மின்விசிறிக்காக இங்கே வந்து உட்காருவது வழக்கம். அன்று பெரிய படத்தின் முன்னால் கிளியம்மா, செவந்தி என்ற இரண்டு பெண்கள் தூக்குவாளியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா” என்றார் பூவராகன். “முக்கியமான விஷயமா வந்திருக்கோம்.”

தள்ளி உட்கார்ந்தார்கள். அவருக்கு அது போதவில்லை.

“இந்தக் கதவை உங்களுக்கெல்லாம் திறந்துவிட்டது யாருன்னு தெரியுமா?”

“வாட்ச்மேன்தான்” என்றாள் கிளியம்மா. “இன்னைக்கும் லேட்டு.”

அடிகளுக்கு இருமல் வந்தது. அது இருமல் மாதிரி இல்லை.

பூவராகன் ஜமீன்தார் பலகையைத் துண்டால் ஓர் அடி அடித்தார்.

“இவர் யார் தெரியுமா, அடிகளே? இவருடைய ஆட்கள்தான் என் தாத்தா இருந்த தெருவையே காலி செய்தார்கள். சட்டிபானையெல்லாம் வீதியில் கிடந்ததாம். அடைமழை. இந்தப் படத்தை வைத்தே பதினாறு பக்கத்தில் ஒரு பிரசுரம் போட்டேன். அரசாங்கம் பறிமுதல் செய்தது.”

‘பறிமுதல்’ என்று சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

“படத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார் அடிகள்.

“படத்திலா?” பூவராகன் தலையை நிமிர்த்தவில்லை. தன் பலகைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சட்டத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். “வேறென்ன இருக்கும்? ஒரு துரை. ஒரு குதிரை. நாலு வேட்டைநாய். இவர்கள் கொடுப்பது அதுதானே.”

செவந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“துரையாம்ல. குதிரை எங்க இருக்கு ஐயா அதுல? வீட்டைக் காலி பண்றாங்க. சாமானெல்லாம் வெளியில தூக்கிப் போட்டிருக்கான், பாருங்க.”

“அந்தத் தொப்பிக்காரன்தான் வீட்டுச் சொந்தக்காரன்” என்றாள் கிளியம்மா.

“சொந்தக்காரன் எங்கடி நேர்ல வருவான்? இவன் கணக்குப்பிள்ளை. மூஞ்சியப் பாரு, நம்ம சந்தையில வசூலுக்கு வர்றவனாட்டமே இருக்கான்.”

“கிழவிதான் கெட்டிக்காரி. தொட்டில் நனையுது, கட்டில் நனையுது, அவ கோழிய மட்டும் துணிக்குள்ள வச்சுக்கிட்டா.”

“கோழி முட்டை போடும். கட்டிலா போடும்?”

பூவராகனின் கை சட்டத்தை விட்டு இறங்கியது. இரண்டடி பின்னால் போய் நிமிர்ந்து பார்த்தார்.

மழை. கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் ஒரு கட்டில் தலைகீழாகக் கிடந்தது. ஒருவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான்.

பூவராகன் வெகுநேரம் பார்த்தார். கிளியம்மா தூக்குவாளியை நகர்த்தி அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.

“இதை ஜமீன்தார் பார்த்திருப்பாரா?” என்று கேட்டார் அடிகள்.

பூவராகன் மறுபடி பலகைப் பக்கம் திரும்பினார்.

“அவரா? பார்த்திருந்தால் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பார். இருப்பதிலேயே பெரிய சட்டமாக ஏலத்தில் எடுத்துவா என்று ஆள் அனுப்பினார். கலெக்டர் கையில் கொடுத்தார். ராவ் பகதூர் பட்டம் வாங்கினார். பிறகு இங்கே வரும்போதெல்லாம் தன் பலகை மின்னுகிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். படத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. எல்லாம் என் பிரசுரத்தில் இருக்கிறது.”

அடிகள் தலையசைத்தார்.

“மேலேயா, கீழேயா என்று கேட்டீர்.”

“ஆமாம்.”

“பக்கத்தில் மாட்டச் சொல்லும். ஒரே மட்டத்தில். ஒரு நூல்கூட ஏறவோ இறங்கவோ கூடாது.”